காற்று வேண்டிய கற்கள்

சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்தில், சுவான்சோ பழைய நகருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, ஜின் ஆற்றின் வடகரையில் இருக்கிறது ஜியூரி மலை. மலை என்று பெயர்தான். உயரம் நூறு மீட்டரைச் சற்றே தாண்டும். அடிவாரத்தில் யன்ஃபூ கோயில், மேலே கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு முகடுகள், எங்கு பார்த்தாலும் கருங்கற்பாறைகள். எழுபதுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இந்தப் பாறைகளில் உண்டு. வந்துபோனவர்கள் தம் பெயரை வெட்டிவைக்கும் ஆசை எல்லா நாட்டிலும் உள்ளதுதான் என்று பலவற்றைக் கடந்துவிடலாம். பத்துக் கல்வெட்டுகளை மட்டும் அப்படிக் கடக்க முடியாது. அவை காற்று வேண்டி நடந்த வழிபாடுகளைப் பதிவுசெய்தவை. காலத்தால் முந்தியது 1174-ஆம் ஆண்டினது, பிந்தியது 1266-ஆம் ஆண்டினது. 2021-ல் சுவான்சோவின் 22 இடங்களை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இவையும் சேர்ந்தன.

மலையைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கதை எளிமையானது: கடலோடிகள் கடவுளிடம் நல்ல காற்றைக் கேட்டார்கள், அந்த வேண்டுதலே கல்லில் நிற்கிறது. கல்வெட்டுகளின் வாசகம் இதற்கு இடம் தரவில்லை. இவற்றில் பேசுவது கடலோடி அல்ல, அரசு. அரசுக்குக் காற்றோடு இருந்த உறவு பெருமளவு வரவு செலவைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1183-ஆம் ஆண்டின் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் தேதி. பிறகு வந்திருந்தவர்களின் பெயர், பதவி வரிசைப்படி: மாவட்ட ஆளுநர் சிமா ஜி, அரச குலத்தாரின் அலுவலகத் தலைவர், கப்பல் வணிக அலுவலகத்தின் மேலாளர் லின் ஷாவ், படைத்தலைவர். கப்பல்களை அனுப்பிவைக்கத் தோங்யுவான் என்னும் தெய்வத்தின் சன்னிதியில் காற்று வேண்டினார்களாம். அது வழக்கமாக நடக்கும் சடங்காம். பின்பு மலையின் அழகான இடங்களைச் சுற்றிப் பார்த்து, ஒரு மண்டபத்தில் சற்றே இளைப்பாறி, ஓதம் ஏறும்வரை காத்திருந்து படகில் திரும்பினார்கள். கல்வெட்டு அவ்வளவுதான். தெய்வத்தை உருகி அழைக்கும் ஒரு சொல்கூட இல்லை. இன்றைய அரசு அலுவலகத்தில் ஒரு கூட்டம் முடிந்ததும் எழுதிவைக்கும் நடவடிக்கைக் குறிப்பு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள், எப்போது கிளம்பினார்கள்.

காற்றின் ஒழுங்கைப் பார்த்தால் இந்த அலுவல் தொனி இன்னும் விளங்கும். குளிர்காலத்தில் ஆசியப் பெருநிலம் குளிர்ந்து, அங்கிருந்து கடலை நோக்கி வடகிழக்குக் காற்று வீசும். சுவான்சோவின் கப்பல்கள் அதில் பாய்விரித்துத் தெற்கே போகும். கோடையில் நிலம் சூடேற, காற்று தென்மேற்கிலிருந்து திரும்பும், கப்பல்களும் திரும்பும். தமிழ்க் கரையில் வாடை என்றும் கச்சான் என்றும் வழங்குபவையும் இதே பருவச் சுழற்சியின் காற்றுகள்தாம். வழிபாடும் ஆண்டுக்கு இருமுறை: குளிர்காலத்தில் வழியனுப்ப, கோடையில் வரவேற்க. எப்படியும் வரப்போகிற காற்றை எதற்காகக் கேட்க வேண்டும்? காற்று வருவது உறுதி. வரும் நாள் உறுதியில்லை, நடுவில் புயல் குறுக்கிடாது என்பதற்கும் உறுதியில்லை. கப்பல் ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த பருவம்வரை ஏதோ ஒரு துறைமுகத்தில் கிடக்க வேண்டியதுதான். சுங்கமும் அதனோடு கிடக்கும்.

இது வெறும் ஊகமும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இருமுறை சுவான்சோவின் ஆளுநராக இருந்த சென் தெசியு எழுதிய வழிபாட்டு உரையின் தருக்கம் கணக்குப்பிள்ளையின் தருக்கம். இந்த ஊரின் அரசுச் செலவும் மக்கள் செலவும் அயல்நாட்டுக் கப்பல்களை நம்பியிருக்கின்றன. கப்பல் உரிய காலத்தில் வருவது காற்றின் கையில். காற்றை ஒழுங்காக நடத்துவது தெய்வத்தின் கையில். ஆகவே ஆளுநர் ஆண்டுக்கு இருமுறை வேண்டுவது நாட்டின் விதி. 1127-ல் வடபாதியை இழந்து தெற்கே ஒடுங்கிய சொங் அரசுக்குக் கடல்வழி வருமானம் சில்லறை விஷயமாக இருக்கவில்லை. சுவான்சோவில் கப்பல் வணிக அலுவலகம் 1087-லேயே திறக்கப்பட்டிருந்தது.

அப்படியானால் பக்தியே இல்லையா என்ற மறுப்பு நியாயமானது. தோங்யுவான் முதலில் மழையோடு சேர்த்து வணங்கப்பட்ட மலைத் தெய்வம். அது கடற்காற்றின் அதிபதியானது அலுவலக ஆணையால் மட்டும் நடந்திருக்காது, மக்கள் நம்பிக்கை முன்னால் போயிருக்க வேண்டும். காற்றைப் பற்றிய அச்சமும் இந்த மலைக்குப் பழையது. உஜ்ஜயினியிலிருந்து வந்த பௌத்த அறிஞர் பரமார்த்தர் ஆறாம் நூற்றாண்டில் இங்கே தங்கி நூல்களை மொழிபெயர்த்தார் என்பது உள்ளூர் மரபு; அவர் உட்கார்ந்ததாக ஒரு பாறையையும் காட்டுகிறார்கள். தாய்நாடு திரும்ப 562-ல் அவர் இப்பகுதியிலிருந்து கப்பலேறினார். காற்று அவரைக் குவாங்சோவுக்குத் தள்ளிக்கொண்டு போனது. பிறகு அவர் இந்தியாவைப் பார்க்கவே இல்லை. அந்தத் துயரத்தைச் சொல்வது அவருடைய வரலாற்றை எழுதிய ஏடுகள். காற்றுக் கல்வெட்டுகளில் அப்படிப்பட்ட துயரத்துக்கு இடமே இல்லை.

அவற்றில் இல்லாத இன்னொன்று வணிகர். பெயர்ப் பட்டியலை நிறைத்திருப்பவர்கள் அதிகாரிகள். சரக்கு ஏற்றியவர், சுக்கான் பிடித்தவர், கடனுக்குப் பணம் கொடுத்தவர் யாரும் பதிவாகவில்லை. அவர்களைத் தேட மலையை விட்டுக் கடற்கரைச் சேற்றுக்குப் போக வேண்டும். 1974-ல் ஹோவ்சு துறைமுகத்தில் ஒரு கப்பல் தோண்டியெடுக்கப்பட்டது. 13 அறைகளாகத் தடுக்கப்பட்டது, 1270-களில் மூழ்கியது. உள்ளே வாசனைக் கட்டைகள், மிளகு, கூடவே சரக்கின் உரிமையாளரைக் குறிக்கும் மரச்சீட்டுகள். சில சீட்டுகளில் ‘தெற்கு வீடு’ என்ற பொருள்படும் பெயர். அது சுவான்சோவில் குடியிருந்த அரச குலத்தாரைக் குறிக்கிறது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அந்தக் கருத்து சரியானால், 1183-ன் கல்வெட்டில் அரச குல அலுவலகத் தலைவர் ஆளுநருக்கு அடுத்த இடத்தில் நிற்பது வேறு வெளிச்சம் பெறுகிறது. அவர் சம்பிரதாயத்துக்கு வந்த விருந்தாளியாக இல்லாமல், கப்பலில் பங்கு வைத்திருந்த தரப்பின் ஆளாகவும் இருந்திருக்கலாம்.

1266-க்குப் பின் காற்றுக் கல்வெட்டு கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் நகரம் மங்கோலியர் கைக்குப் போனது. அடுத்து ஊரின் கல் ஒன்று தமிழில் பேசுகிறது. 1956-ல் கிடைத்த அந்தக் கல்வெட்டு சகம் 1203 சித்திரையில், அதாவது 1281-ல், சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசைக்கானின் உடல்நலத்துக்காகத் திருக்கதலீச்சுரத்து இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லி, ஒரு சீன வரியோடு முடிகிறது. கான் என்பது குப்லாய் கான். இங்கேயும் ஆட்சியாளரின் நன்மையே நோக்கம். ஆனால் கடல் கடந்து வந்தவர் இம்முறை தம் பெயரிலும் தம் எழுத்திலும் பேசுகிறார். மலைப்பாறை அந்த வாய்ப்பை எந்த வணிகருக்கும் தரவில்லை.

வந்ததைப் பாறையில் பதிவுசெய்யும் ஜியூரியின் பழக்கம் சொங் அரசோடு முடிந்துவிடவில்லை. யுனெஸ்கோவின் கடல்வழிப் பட்டுப்பாதை ஆய்வுக் குழு 1990 அக்டோபரில் வெனிசிலிருந்து ஓமான் நாட்டுக் கப்பலில் புறப்பட்டு, டிசம்பரில் சென்னையைத் தொட்டு, 1991 பிப்ரவரியில் சுவான்சோவை அடைந்தது. பிப்ரவரி வடகிழக்குக் காற்றின் மாதம். பாய்க்கப்பலாக இருந்தால் தெற்கிலிருந்து அப்போது வந்து சேர்ந்திருக்க முடியாது. எஞ்சின் இருந்ததால் காற்றைக் கேட்கும் தேவை யாருக்கும் இல்லை. ஆனாலும் அறிஞர்களும் அதிகாரிகளும் மலைக்குப் போனார்கள். தாங்கள் வந்ததைப் பாறையில் வெட்டிவைத்துவிட்டே திரும்பினார்கள்.