பல்லைப் பார்த்து வைத்த பெயர்

சங்கப் புலவர்கள் நம்மூர் யானையையே ‘முறஞ்செவி’ என்றார்கள். ஆப்பிரிக்கச் சவானா யானையைக் கண்டிருந்தால் முறம் போதாதென்று வேறு உவமை தேடியிருப்பார்கள். அதற்கு அறிவியல் பெயர் வைத்தவரோ காதைக் கண்டுகொள்ளவேயில்லை. சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

லொக்சோடொன்டா ஆப்பிரிக்கானா என்பது முழுப்பெயர். கிரேக்கத்தில் ‘லொக்சோஸ்’ என்றால் சாய்வானது, ‘ஒடூஸ்’ என்றால் பல். இரண்டையும் சேர்த்துப் பிரெஞ்சு வடிவில் 1825இல் எழுதியவர் விலங்கியலாளர் பிரெடெரிக் குவியே. 1827இல் யாரோ ஒருவர், தன் பெயரைப் போடாமலே, அதை லத்தீனாக்கினார். அதனால் இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டவர் யார் என்று பட்டியல்களைப் புரட்டினால் ‘பெயரறியாதவர், 1827’ என்றுதான் இருக்கும்.

சாய்வு தந்தத்தில் இல்லை. தந்தம் நீண்டு வளர்ந்த வெட்டுப்பல். குவியே சொன்னது கடைவாய்ப் பல்லை. தேய்ந்த பல்லின் மேற்பரப்பில் எனாமல் வரம்புகள் குறுக்கே ஓடும். ஆசிய யானைக்கு அவை நெருக்கமாக, கிட்டத்தட்ட இணைகோடுகளாக இருக்கும். ஆப்பிரிக்க யானைக்கு எண்ணிக்கை குறைவு. ஒவ்வொரு வரம்பும் நடுவில் அகன்று இரு முனையிலும் கூம்பியிருக்கும். நம் கணக்குப் புத்தகத்துச் ‘சாய்சதுரம்’தான் அது. பெயர் வைத்தவர் தமிழராக இருந்தாலும் சாய்வையே சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

அந்த யானையின் ஆயுளும் அந்தப் பல்லில்தான் இருக்கிறது. மழை பெய்தால் புல். வறண்ட மாதங்களில் மரப்பட்டை, சுள்ளி, வேர். நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் அரைபடும், மண்ணும் மணலும் சேர்ந்தே. பல் தேயாமல் என்ன செய்யும்? நமக்குப் போலப் புதுப்பல் ஈறுக்கடியிலிருந்து மேலே முளைப்பதில்லை. தாடையின் பின்னாலிருந்து முன்னோக்கி நகர்ந்து வரும். பழையது முன்விளிம்பில் துண்டு துண்டாக உடைந்து விழும். வாழ்நாளில் இப்படி ஆறு தொகுதிதான். ஆறாவதும் தேயும்போது வயது அறுபதையொட்டியிருக்கும். பிறகு மெல்ல முடிந்தது சதுப்போரத்து இளம்புல் மட்டுமே. அதுவும் முடியாமல் போனால் பட்டினி. காட்டில் கிடக்கும் கீழ்த்தாடையை எடுத்து, எத்தனையாவது பல், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே ஆய்வாளர்கள் செத்த யானையின் வயதைக் கணிக்கிறார்கள்.

பெயரின் பின்பாதியான ‘ஆப்பிரிக்கானா’ இயற்கையியலாளர் புளூமென்பாக் 1797இல் கொடுத்தது. அதற்கு முன், 1758இல், இயற்கையியலாளர் லின்னேயஸ் எல்லா யானையையும் எலிபாஸ் மாக்சிமஸ் என்ற ஒரே பெயரில் அடக்கியிருந்தார். அவர் சான்றாகக் கொண்டவற்றில் ஒன்று, சாராயக் குப்பியில் கிடந்த யானைக்கரு. இலங்கைச் சரக்கு என்று நம்பினார். அண்மையில் புரதத்தையும் மரபணுவையும் ஆராய்ந்தபோது அது ஆப்பிரிக்கக் கரு என்று தெரிந்தது! ஆசிய யானையின் பெயருக்கு ஆதாரமாக இரண்டரை நூற்றாண்டாக ஆப்பிரிக்கக் குட்டி இருந்திருக்கிறது. இப்போது அந்த இடம் பிளாரன்ஸிலுள்ள ஓர் எலும்புக்கூட்டுக்குப் போய்விட்டது.

தமிழில் இதைச் சிலர் ‘புதர் யானை’ என்று எழுதுகிறார்கள். தோளுயரம் மூன்று மீட்டரைத் தாண்டும் களிறு எந்தப் புதரில் நிற்கும்? ஆப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘புஷ்’ என்பது ஏர் படாத வெளி: நமீபியாவின் பாலை, ஒக்கவாங்கோவின் சதுப்பு, செரங்கெட்டியின் புல்வெளி எல்லாம் அதில் அடங்கும். சவானா யானை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அடர்காட்டில் வாழும் அதன் உறவினத்துக்கு 1900இல் விலங்கியலாளர் மாட்ஷி வைத்த ‘சைக்ளோட்டிஸ்’ என்ற பெயருக்கு வட்டக்காது என்று பொருள். காதுக்கு ஒருவழியாக மரியாதை கிடைத்தது. இரண்டையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தனித்தனி இனங்களாக மதிப்பிட்டது 2021இல்தான். சவானா யானை ‘அருகிவரும்’ பட்டியலில் இருக்கிறது.

அங்கேயே வாழ்கிறவர்களின் பெயர்கள் இவற்றையெல்லாம்விடப் பழையவை. சுவாஹிலியில் ‘ன்டோவு’, ஜுலுவில் ‘இன்ட்லோவு’, ஷோனாவில் ‘ன்ஸோவு’, ட்ஸ்வானாவில் ‘ட்லோவு’: எல்லாம் பாந்து மொழிகளின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எஸ்வாட்டினி நாட்டில் அரசரின் தாய்க்குப் பட்டப்பெயர் ‘ன்ட்லோவுகாட்டி’, அதாவது பெண்யானை. யானைக் குடும்பத்தை நடத்துவது மூத்த பிடி. வறட்சியில் எந்தப் பக்கம் போனால் தண்ணீர் கிடைக்கும் என்பதை நினைவில் வைத்திருப்பவள் அவள்தான். களிறுகள் பருவம் வந்ததும் குடும்பத்தைவிட்டுப் போய்விடும்.