தேங்கிய நீரும் தூய நீரும்

வீட்டிலேயே ஒரு தொட்டி அமைத்து, குளிர்ந்த நீரில் கழுத்தளவு அமிழ்ந்திருந்து எழும் வழக்கம் இந்நாளில் நம் நாட்டுப் பெருநகரங்களில் தலைகாட்டியிருக்கிறது. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூருவிலும் குடியேறி வாழும் நம்மவர் சிலரும் இதில் விருப்பங் கொண்டுள்ளனர். ஆற்றில் குளிக்குங்கால் நம் உடலின் அழுக்கை ஓடும் நீர் கொண்டு செல்கிறது. தொட்டியிலோ நேற்றைய அழுக்கு இன்றும் நமக்காகக் காத்திருக்கிறது. ஆகவே, தேங்கிய நீரைத் தூய்மையாக வைத்துக்கொள்வது எங்ஙனம் என்ற வினா எழுகின்றது. இவ்வினா புதியதன்று; நம் துணைக்கண்டத்தில் இதன் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள்.

இன்று பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள மொகஞ்சதாரோவில், சர் ஜான் மார்ஷல் தலைமையில் நடந்த அகழாய்வில், 1925-26ஆம் ஆண்டுகளில் பெருங்குளம் ஒன்று வெளிப்பட்டது. அதன் நீளம் சுமார் 12 மீட்டர், அகலம் 7 மீட்டர், ஆழம் 2.4 மீட்டர். செங்கற்களை இடைவெளியின்றி அடுக்கி, ஜிப்சம் சாந்திட்டு, நீர் கசியாதவாறு நிலக்கீல் பூசியிருந்தனர். பக்கத்து அறை ஒன்றில் பெரிய கிணறு உண்டு. குளத்தின் ஒரு மூலையிலோ, நீர் முழுவதையும் வெளியேற்றும் துளையும், அதனையடுத்து ஆள் நடந்து செல்லுமளவு உயரமான வடிகாலும் உள்ளன. நிரம்பினால் ஏறத்தாழ இரண்டு இலட்சம் லிட்டர் கொள்ளும் குளம் அது. அவ்வளவு நீரையும் வெளியேற்ற வழி செய்துவிட்டே அதனைக் கட்டினர் என்பதை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். நீரை நிரப்புவதற்குச் செலுத்திய கருத்தை நீரைப் போக்குவதற்கும் அவர்கள் செலுத்தினர். அருகிலேயே வடிகாலுடன் கூடிய சிறு குளியலறைகளும் வரிசையாக இருந்தன. உடம்பின் மேல் நீரூற்றிக் குளிக்கும் இடம் வேறு, நீர் தேங்கி நிற்கும் குளம் வேறு என்னும் பாகுபாடு அங்கே தெளிவாகப் புலப்படுகின்றது.

கங்கைக் கரையில், பிரயாக்ராஜுக்கு அருகே சிருங்கவேரபுரம் என்னும் ஊர் உள்ளது. 1977ஆம் ஆண்டு தொடங்கி அங்கு அகழாய்வு செய்த பி. பி. லால், கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கணிக்கப்படும் செங்கற் குளத்தொகுதி ஒன்றைக் கண்டறிந்தார். அதன் நீளம் 250 மீட்டருக்கும் மேற்பட்டது. மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் கங்கை நீர் கால்வாய் வழியே வரும். அது நேராகக் குளத்துள் புகாது. முதலில் ஒரு பள்ளத்தில் தங்கும். சேறும் மணலும் அடியிற் படியும். தெளிந்த மேல்நீர் மட்டுமே முதற் குளத்துக்கும், அதிலிருந்து அடுத்த குளத்துக்கும் செல்லும். மிகுநீர் வெளியேறக் கலிங்கு போன்ற அமைப்பும் உண்டு. நீர் உள்ளே வந்தபின் அழுக்கை அகற்றுவதினும், அழுக்கை வாயிலிலேயே நிறுத்துவது எளிது என்பதே அந்தக் கட்டடக் கலைஞர் கண்ட நெறி.

அழகாலும் அளவாலும் உலகு வியக்கும் படிக்கிணறுகள் குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் பின்னர் எழுந்தன. பாட்டன் நகரின் ராணி கி வாவ் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அகமதாபாத்துக்கு அருகேயுள்ள அடாலஜ் கிணறு 1499இல் முடிவுற்றது. தில்லியில் வாழ்வோர் அக்ரசேன் கிணற்றின் படிகளிலேனும் ஒருமுறை அமர்ந்திருப்பர். நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தாலும், படியிறங்கிச் சென்று முகந்துகொள்ளலாம் என்பதே இவற்றின் சிறப்பு. ஆயினும் அச்சிறப்பிலேயே ஒரு தீங்கும் மறைந்திருந்தது. குடிக்கும் நீரில் மனிதர் கால் வைக்க நேர்ந்தது.

நாம் நரம்புச்சிலந்தி என்றும், வடநாட்டார் நாரு என்றும் வழங்கும் நோய் அவ்வழியே பரவியது. நோயாளியின் காலில் எரியும் கொப்புளம் ஒன்று எழும். எரிச்சல் தணிய அவர் காலை நீரில் நனைப்பார். உடனே கொப்புளத்தினுள் இருக்கும் நீண்ட புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். நீரில் வாழும் மிகச் சிறு பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்நீரை அருந்தியோர் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, மற்றொரு புழு வெளிப்படும். அதைச் சிறு குச்சியில் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தெடுப்பதன்றி வேறு வழியில்லை. வாரக்கணக்கில் படுத்த உழவன் விதைப்பை இழந்தான்; அவன் வீட்டார் அவ்வாண்டின் உணவை இழந்தனர்.

இதனை ஒழிக்க 1983-84இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கப்பெற்றது. 1984இல் கணக்கிடப்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ 40,000 பேர். தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் இந்நோய் நிலவியது. நோய் தீர்க்கும் மருந்தோ தடுப்பூசியோ இல்லை. எனவே மனிதரின் கால் நீரில் படாதவாறு படிக்கிணறுகள் மாற்றியமைக்கப்பட்டன, கைப்பம்புகள் நிறுவப்பட்டன, நீரைத் துணியில் வடிகட்டிப் பருகுமாறு வீடுதோறும் அறிவுறுத்தினர், பூச்சிகளை அழிக்கும் மருந்தும் நீர்நிலைகளில் இடப்பெற்றது. தமிழ்நாடு 1984ஆம் ஆண்டிலேயே விடுபட்டது. நாட்டின் இறுதி நோயாளி 1996 ஜூலையில் இராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், இந்தியா இந்நோயினின்றும் விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மனிதனையும் தேங்கிய நீரையும் முறைப்படுத்தியதனாலேயே இவ்வெற்றி கிட்டியது.

இனி நம் வீட்டுத் தொட்டிக்கு வருவோம். குளிர்ந்த நீரில் கிருமிகள் வளரா என்று சிலர் கருதுவர். குளிரில் அவற்றின் பெருக்கம் தளரும். ஆனால் அவற்றுள் பல மடிவதில்லை. ஆதலின் பழைய நெறிகளே இங்கும் துணையாவன. தொட்டியில் இறங்குமுன் சோப்பிட்டு உடலைக் கழுவுதல் முதலாவது. தூசும் இலையும் விழாதபடி மூடிவைத்து, வடிகட்டியை அடிக்கடி தூய்மை செய்தல் இரண்டாவது. உரிய காலத்தில் நீரை முழுதும் வெளியேற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்புதல் மூன்றாவது.

இவற்றுடன் இருபதாம் நூற்றாண்டு தந்த துணை ஒன்றும் உண்டு. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் குளோரின் கலந்த தூளைத் தொடர்ந்து சேர்க்கத் தொடங்கியது. அம்முறை பின்னர் நீச்சற் குளங்களுக்கும் பரவியது. ஆனால் குளோரினும் எல்லையற்ற ஆற்றலுடையதன்று. வியர்வையும் சிறுநீரும் கலந்தால் அதன் வலிமை அவற்றோடு போராடுவதிலேயே செலவாகிவிடும்; கண்ணை எரிக்கும் நெடியும் அக்கலப்பினால் எழுவதே. மூக்கைத் துளைக்கும் மணத்தைத் தூய்மையின் அடையாளமென மயங்குதல் கூடாது.

மருந்து பின்னர் வந்தது. ஒழுக்கம் முன்னரே இருந்தது. நீரைத் தூய்மையாக வைத்துக்கொள்ள விரும்புவோர், அதில் இறங்குமுன் தம்மைத் தூய்மை செய்துகொள்வாராக.