முற்றிய உணவுக்குழாய்ப் புற்றுநோயும் நண்பரின் துணையும்

உணவுக்குழாயில் தோன்றிய புற்றுநோய் கல்லீரல், நுரையீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் அது நான்காம் நிலை. அதன்பின் மருத்துவம் பெரும்பாலும் நாட்களை நீட்டவும் வேதனையைக் குறைக்கவுமே முயல்கிறது. வீட்டார் இரவுபகலாகப் பார்த்துக்கொள்ளும் இக்காலத்தில் நெருங்கிய நண்பருக்கும் வேலை உண்டு. அது எளிதான வேலையன்று. சேர்ந்து சாப்பிடுவது, உட்கார்ந்து பேசுவது என்று நட்பு எவற்றால் ஓடுகிறதோ, அவற்றிலேயே இந்நோய் கைவைக்கிறது.

உணவுக்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அது விரிந்து கொடுப்பதால் கட்டி நன்றாக வளர்ந்த பிறகே பலருக்கும் தெரியவருகிறது. முதலில் சோறும் சப்பாத்தியும் நெஞ்சில் நிற்கும், பிறகு இட்லி, கடைசியில் கஞ்சியும் தண்ணீரும்கூட இறங்காது. குரல்வளைக்குப் போகும் நரம்பைக் கட்டி அழுத்தினால் குரலும் கம்மிவிடும்.

அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் எனும் வலைக்குழாயை உள்ளே வைப்பார்கள். சிலருக்குக் கதிர்வீச்சு, நோயாளிகள் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’, வழியைச் சற்றுத் திறக்கும். வேறு சிலருக்குச் சிறுகுடலில் டியூப் போட்டுத் திரவ உணவு செலுத்தப்படும். ஸ்டென்ட் வைத்தவரைப் பார்க்க டிபன் கேரியருடன் போகும் நண்பர், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். கறித்துண்டு, முருங்கைக்காய், கீரைத்தண்டு, பிரெட் எல்லாம் அடைத்துக்கொள்ளக்கூடியவை. மசித்ததைச் சிறு வாயாக, நிமிர்ந்து உட்கார்ந்து, இடையிடையே தண்ணீர் குடித்துச் சாப்பிட வேண்டும். உடனே படுக்கக் கூடாது. குடித்ததும் இருமல் வருவது, இரத்த வாந்தி, கறுப்பு மலம் ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் சொல்லத் தாமதிக்கக் கூடாது.

“எனக்காக ஒரு வாய்” என்ற கெஞ்சல் பெரிதும் தொல்லை தருவது. முற்றிய நிலையில் பசியின்மையும் உடல் இளைப்பும் நோயே உண்டாக்கும் வளர்சிதை மாற்றத்தின் விளைவு. ஊட்டிவிடுவதால் அது திரும்பாது. சாப்பிடாதது பிடிவாதமல்ல என்று வீட்டாருக்கு எடுத்துச்சொல்ல நண்பரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

வலிக்கு வாய்வழி மார்ஃபின் முதன்மையான மருந்து. விழுங்க முடியாதவருக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டானில் பட்டை உண்டு. மார்ஃபின் தொடங்கினாலே முடிவு நெருங்கிவிட்டது என்ற அச்சம் தவறு. ஆனால் மலச்சிக்கல் ஏறக்குறைய நிச்சயம், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிருந்தது. 2014இல் வந்த திருத்தம் அதைத் தளர்த்தியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவையும் அடங்கும். இதையெல்லாம் விசாரித்து அலைவது நண்பர் ஏற்கக்கூடிய உருப்படியான வேலை.

என்ன பேசுவது என்பதற்கு எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிட்சென்ஸின் அனுபவம் நல்ல சான்று. பேச்சுக்கும் விருந்துக்கும் பேர்போன அவருக்கு 2010 ஜூனில், 61ஆம் வயதில், இந்நோய் நான்காம் நிலையில் கண்டறியப்பட்டது. அவர் தந்தையும் இதே நோயில் இறந்தவர். நலம் விசாரிக்க வருவோர் தத்தம் உறவினரின் புற்றுநோய்க் கதைகளைச் சொல்வதை அவர் கிண்டலாக எழுதினார். இருதரப்புக்கும் ஒரு நடத்தைக் கையேடு வேண்டும் என்றார். நோயாளியும் எதிரே இருப்பவரை வருத்தலாம் என்பதை ஒப்புக்கொண்டது அவருடைய நேர்மை.

நாத்திகரான அவருக்கு உதவியவர்களுள் மதநம்பிக்கையாளரான மரபணு அறிஞர் ஃபிரான்சிஸ் காலின்ஸும் ஒருவர். அப்போது அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் தலைவராக இருந்த காலின்ஸ், கட்டியின் மரபணு வரிசையை ஆராய்ந்து மருந்து தேடும் முயற்சியில் வழிகாட்டினார். கடவுள் பற்றிய வாதம் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

கடைசி வாரங்களில் நாவலாசிரியர் இயன் மெக்கீவன் ஹியூஸ்டன் மருத்துவமனைக்குச் சென்றார். ஹிட்சென்ஸுக்கு அப்போது வேண்டியிருந்தது எழுத ஒரு மேசை. மெக்கீவனும் ஹிட்சென்ஸின் மகனும் சன்னலோரம் மேசை போட்டார்கள். குழாய்கள் தொங்கும் கம்பத்தோடு அவரை மெல்ல நடத்திவந்து, நாற்காலியில் தலையணை வைத்து உட்காரவைத்து, மடிக்கணினியின் உயரத்தைச் சரிசெய்தார்கள். எழுத்தாளர் செஸ்டர்டனின் வாழ்க்கை வரலாற்றுக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தார் ஹிட்சென்ஸ். 2011 டிசம்பர் 15 அன்று நிமோனியாவால் இறந்தார். மதிப்புரை அடுத்த மார்ச்சில் ‘தி அட்லாண்டிக்’ இதழில் வெளிவந்தது.