வங்கக் கடலின் எரிமலையும் அதன் வெந்நீர்க் கரையும்

எரிமலையைக் கண்ணால் காண வேண்டுமானால் இத்தாலிக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு அரபிக் கடலையே நாள்தோறும் பார்க்கும் நமக்கு, வங்கக் கடலின் கீழ்க்கோடியில் நம் நாட்டு எல்லைக்குள்ளேயே நெருப்பு உமிழும் மலை ஒன்று நிற்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. போர்ட் பிளேயருக்கு (2024-இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரம்) வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாரன் தீவுதான் அது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குப் பெயர்கள் மீது ஒரு கண் இருப்பது இயல்பே. ‘பாரன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தரிசு, மலடு என்பன பொருள். உள்ளே கரிந்த மலையைப் பார்த்தவர் இட்ட பெயர் போலும்! வெளிச்சரிவுகளிலோ மரஞ்செடிகள் உண்டு. கப்பலோர் எப்போதோ விட்டுச் சென்ற ஆடுகள் அங்கே காட்டாடுகளாகப் பெருகியும் உள்ளன. இதற்கு வடக்கே அடங்கிப்போன மற்றோர் எரிமலைத் தீவின் பெயர் நார்க்கொண்டம். அது ‘நரக குண்டம்’ என்பதன் திரிபு என்றும், உண்மையில் பாரன் தீவுக்கு உரிய பெயரே இடம் மாறிப் போயிற்று என்றும் சிலர் கருதினர். அவ்வூகம் எனக்கு உவப்பானதே.

தீவு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமுள்ள வட்டம். கடலுக்கு மேல் தெரிவது சுமார் 350 மீட்டர் உயரம். கடலடியில் மறைந்திருப்பதோ 2,000 மீட்டருக்கும் மிகுதி. பழைய எரிவாயின் சுவர் கோட்டை மதில்போல் சுற்றி நிற்க, மேற்குப் புறத்தில் மட்டும் ஒரு பிளவு உண்டு. மதிலுக்குள்ளே எழுந்து நிற்கும் கூம்பே இன்றைய எரிமலை.

1787-இல் அவ்வழியே கப்பலில் சென்ற கோல்புரூக், சிகரத்திலிருந்து புகை எழுவதைக் கண்டு எழுதினார். 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேயர், செந்தணலாகக் கற்கள் மேலெறியப்படுவதைப் பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பின் சீற்றம் தணிந்தது. அதன் பின்னரும் பயணிகள் இறங்கினர். அந்தமானில் கைதிகளின் குடியேற்றத்திற்கு இடம் தேடிய மௌவாட் குழு 1857-இல் புறப்பட்டு இத்தீவையும் பார்த்தது. நிலவியலாளர் வாலண்டைன் பால் 1873-இல் சென்றார். 1884-இல் மாலட் என்பவரும் ஹாப்டே என்ற படைத்தலைவரும் தீவை முறையாக அளந்தனர்.

இறங்குவோர் அனைவரும் முதலில் சந்தித்தது வெந்நீரையே. மேற்குப் பிளவின் வழியாக முன்னாளில் கடலை நோக்கி ஓடி உறைந்த கருங்குழம்பின் அடியிலிருந்து, அலை தொடும் இடத்தில், சுடுநீர் கசிந்துகொண்டிருந்தது. நூற்றாண்டின் நடுவில் சென்றோருக்கு அதில் கை வைப்பது அரிதாயிருந்தது. பின் சென்றோர் வெப்பமானி கொண்டு அளந்தபோது, சூடு ஒருமுறைக்கு ஒருமுறை குறைந்தே வந்தது. மலை அணைந்து வருகிறது என்று எண்ண இது இடம் கொடுத்தது.

ஆனால் அந்த வெப்பமானி அளந்தது எதை? மேலே பெய்த மழை, பாறைக் குழம்பின் இடுக்குகளில் இறங்கி, உள்ளே எஞ்சிய சூட்டை வாங்கிக்கொண்டு கரையில் வெளிவருகிறது. ஆகவே அந்நீர் காட்டியது உறைந்த குழம்பு ஆறும் வேகத்தை மட்டுமே; அடுப்பின் நிலையை அன்று. அடுப்போ மிகவும் கீழே உள்ளது. இந்திய நிலத்தட்டு பர்மாத் தட்டின் அடியில் சரிந்து செல்லும்போது, அதனோடு ஆழத்திற்குச் செல்லும் நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது, உருகியது மேலெழுகிறது. இவ்வேலை ஒருநாளும் நிற்கவில்லை.

1991 மார்ச் இறுதியில் மலை மீண்டும் வெடித்தது. அதே மேற்குப் பிளவின் வழியாகப் புதிய குழம்பு கடலுக்கு ஓடியது. 1994, 1995-இல் மறுபடியும் சீற்றம். 1993-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் பின்னர் எரிமலைக்கு இரையாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த சுமத்ரா நிலநடுக்கத்தின் பேரலை நம் கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டுக் கரையையும் சூறையாடியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நிலநடுக்கம் நேர்ந்ததும் இதே தட்டுகள் மோதும் விளிம்பில்தான். அடுத்த மே மாதம் பாரன் தீவு மீண்டும் கனன்றது. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை.

அதுமுதல் அவ்வப்போது சாம்பலும் தணலும் எழுந்து வருகின்றன. பயணிகள் கப்பலில் தீவைச் சுற்றி வந்து காணலாமேயன்றி, இன்று கரையில் இறங்க இயலாது. இறங்கினாலும் மாலட் வெப்பமானியை நனைத்த அந்த இடத்தைத் தேடிப் பயனில்லை. அப்பிளவின் பழைய கருங்குழம்பின்மேல் 1991-க்குப் பின் வந்த புதிய குழம்பு படிந்து கிடக்கிறது.