எதிர்பாராது கிட்டிய அருமருந்து

தேடிய பொருள் கிட்டாது, தேடாத பொருள் கைக்கு வந்து சேர்வது உலகியலில் உண்டு. மருத்துவ வரலாற்றிலும் உண்டு. புற்றுநோய்க்கு வழங்கப்படும் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து அவ்வாறு கிட்டியதே.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பார்னெட் ரோசன்பெர்க் மருத்துவர் அல்லர்; பௌதிக அறிஞர். உயிரணு இரண்டாகப் பிரியுங்கால் அதனுள் தோன்றும் இழைகள், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிசையாய் நிற்கும் காட்சியை அவருக்கு நினைவூட்டின. மின்விசை அப்பிரிவைப் பாதிக்குமோ என அறிய விரும்பினார். 1960-களின் தொடக்கத்தில், ஈ. கோலை என்னும் கிருமிகள் வளரும் திரவத்தில் பிளாட்டினத் தகடுகளை அமைத்து மின்சாரம் செலுத்தினார். பிளாட்டினம் எதனோடும் எளிதிற் கலவாது என்பதாலேயே அதனைத் தேர்ந்தார்.

வியப்பே விளைந்தது. கிருமிகள் பிரிவதை நிறுத்தின. ஆயினும் வளர்வதை நிறுத்தவில்லை. இயல்பினும் 300 மடங்கு வரை நீண்டு நூலிழைகளாயின. மின்சாரத்தின் வெற்றி என அவர் அன்றே முடிவு கட்டியிருக்கலாம், கட்டவில்லை. துணைவர்களுடன் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தகட்டினின்று சிறிதளவு பிளாட்டினம் கரைந்து, திரவத்திலிருந்த அம்மோனிய உப்புடன் சேர்ந்து உண்டான கூட்டுப்பொருள்களே காரணம் எனக் கண்டார். 1965-இல் இச்செய்தி வெளியாயிற்று. அவற்றுள் ஒன்றாகிய சிஸ்பிளாட்டினோ புதியதன்று. இத்தாலியரான பெய்ரோனே 1840-களிலேயே ஆக்கியது. அதன் மருத்துவப் பயனை அதுகாறும் எவரும் அறிந்திலர்.

கிருமியின் பிரிவைத் தடுப்பது, கட்டின்றிப் பிரியும் புற்றணுவையும் தடுக்குமன்றோ? சுண்டெலிகளிடம் சோதித்தனர், கட்டிகள் சுருங்கின. இது 1969-இல் வெளியாயிற்று. மனிதர்க்கு அளித்தபோதோ சிறுநீரகம் கெட்டது; வாந்தி வாட்டிற்று. மருத்துவர் மருந்தைக் கைவிடாது, நரம்பின் வழியே நீரை மிகுதியாகச் செலுத்திச் சிறுநீரகத்தைக் காக்கும் முறையைக் கைக்கொண்டனர். 1974-இல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன், வேறு இரு மருந்துகளுடன் இதனைச் சேர்த்து, உடலிற் பரவிய விரைப் புற்றுநோய்க்கு அளிக்கத் தொடங்கினார். இளைஞர் பலரை மாய்த்துவந்த அந்நோய், அதன்பின் பெரும்பாலோர்க்குக் குணமாகும் நோயாயிற்று. 1978-இல் அமெரிக்க அரசு இம்மருந்தை அங்கீகரித்தது.

தற்செயல் என்று கூறி ரோசன்பெர்க்கின் பெருமையைக் குறைத்தல் முறையன்று. தற்செயல் காட்டியது நீண்ட கிருமியை மட்டுமே. தாம் முதலில் எண்ணியது பிழை என்று ஒப்பி, உண்மையைப் பின்தொடர்ந்த நேர்மையே மருந்தைத் தந்தது. நம் பிள்ளைகளும் சோதனைச்சாலையிலோ கணக்கேட்டிலோ எதிர்பாராத விடை காணின், அதனை அழித்துவிடாது, ஏன் என்று ஒருமுறை வினவுவாராக!