முன்பெருக்கியின் விலையும் இசையும்

பழைய பொருளின் விலை அதன் தரத்தைக் காட்டும் என்பது சந்தையில் நிலவும் நம்பிக்கை. இசை கேட்கும் கருவிகளின் வரலாறு இந்நம்பிக்கையை ஐயுறச் செய்கின்றது. 1958ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வெளிவந்த 'மாரன்ட்ஸ் 7' என்னும் முன்பெருக்கி, தன் தொடக்க விலையைப்போல் பன்மடங்கு இன்று பெறுகின்றது. அதற்கு நாற்பதாண்டுகள் பிற்பட்டு, பல ஆயிரம் டாலருக்கு விற்ற வீட்டுத் திரையரங்கு முன்பெருக்கிகளோ சில நூறு டாலருக்குக் கைமாறுகின்றன. பின்னவற்றின் இசை கெட்டுவிட்டதா என்றால், இல்லை.

முன்பெருக்கி என்பது இசைத்தட்டு ஊசியிலிருந்தோ வானொலியிலிருந்தோ வரும் மெல்லிய மின்குறியை ஏற்றுச் செம்மைப்படுத்தி, ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தி, ஒலிபெருக்கியை இயக்கும் பெரிய பெருக்கிக்கு அனுப்பும் கருவியாகும். கடைகளில் 'பிரீ ஆம்ப்ளிஃபையர்' எனப்படுவது இதுவே.

நெடுநேர இசைத்தட்டு 1948இல் தோன்றியது. தாழ்ந்த சுரங்களை முழு வலிமையுடன் தட்டில் வெட்டினால், பள்ளம் அகன்று அடுத்த பள்ளத்தில் மோதும். ஆகவே அவற்றைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களை மிகுத்தும் பதிவு செய்தனர். கேட்கும்போது முன்பெருக்கி இதனை நேர்மாறாகத் திருத்தவேண்டும். ஆனால், எவ்வளவு குறைப்பது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு வேறுபட்டது. இத்தொல்லையைத் தீர்க்கவே சால் மாரன்ட்ஸ் 1950களின் தொடக்கத்தில் தம் முதற் கருவியை அமைத்தார். 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலகங்களின் சங்கம் ஒரே அளவை வகுத்தது. பழைய தட்டுகளுக்கும் இடமளித்து, இப்பொது அளவை ஏற்ற மாரன்ட்ஸ் 7, அன்று போலவே இன்றைய புதுத் தட்டுக்கும் பொருந்துகின்றது. உடன்பாடு மாறவில்லை; ஆகவே கருவியும் மூப்படையவில்லை.

வீட்டுத் திரையரங்கின் கதை வேறு. 1987இல் டால்பி புரோலாஜிக் வந்தது. 1995இல் லேசர் தட்டுகள் வழியே டால்பி டிஜிட்டல் இல்லம் புகுந்தது. 2002இல் எச்.டி.எம்.ஐ. இணைப்பும், 2006இல் புளூரே தட்டும், 2014இல் வீடுகளுக்கான டால்பி அட்மாஸும் தொடர்ந்தன. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு எதிரொலிக் கருவிகள் செய்து புகழ்பெற்ற லெக்சிகன் நிறுவனத்தின் எம்சி-12 கூட முதலில் எச்.டி.எம்.ஐ. இன்றியே வெளிவந்தது. புளூரேயின் முழுத்தரப் பலதட ஒலியைச் சுமக்கப் பழைய ஒளியிழை இணைப்புக்கு ஆற்றல் போதாது. ஆகவே புதிய திரைப்படம் பார்ப்போர் இத்தகைய கருவிகளைக் கைவிட்டனர், விலையும் வீழ்ந்தது.

எனினும், இசை கேட்போருக்கு இரண்டு தடங்களே பெரும்பாலும் போதும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டின் ஒலியைப் பழைய டிஜிட்டல் வாயில் இன்றும் ஏற்கும். இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பல வீட்டுத் திரையரங்குக் கருவிகள், இசைத்தட்டிலிருந்து வரும் குறியை எண்களாக மாற்றி, மீண்டும் மின்னலைகளாக்கி அனுப்புகின்றன. இம்மாற்றமின்றி நேரே செல்லும் வழி உடைய கருவிகளும் உண்டு. பழையதை வாங்குவோர் அவ்வழி உளதா எனக் காண்பதும், தாம் நன்கறிந்த பாடலை அதில் கேட்பதும் நலம். அவ்வாறே, விலையுயர்ந்த வால்வுக் கருவியிலும் மின்தேக்கிகள் ஆண்டுகளால் தளர்ந்திருக்கக் கூடும்.

ஆக, இக்கருவிகளின் சந்தை விலை பெரிதும் இணைப்புகளின் வரலாற்றையே கூறுகின்றது. அவ்விலையை மட்டும் நோக்குவோர், நல்லிசை தரும் கருவியைக் குப்பையில் எறியவும், தளர்ந்த கருவியைப் பொன்விலைக்கு வாங்கவும் நேரும்.