உறியும் அடுக்கும்: தீவு வீட்டின் சமையலறை



பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புத் தேடி அந்தமானுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இன்று தத்தம் பழைய வீடுகளைப் புதுப்பித்து வருகின்றன. அவ்வாறு புதுப்பிக்கும்போது தச்சர் கேட்கும் முதல் வினா ஒன்று உண்டு: "சமையலறை அலமாரியைச் சுவரில் தொங்க விடலாமா, தரையில் நிறுத்தலாமா?" இது பணத்தையும் அழகையும் மட்டும் பொறுத்த வினா என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் இதற்கு நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதிலும் இந்தத் தீவுகளில், உயிரைக் காப்பதும் இழப்பதும் சில வேளைகளில் இவ்வினாவின் விடையைப் பொறுத்து அமையக்கூடும். அந்த வரலாற்றையே இன்று சிறிது நோக்குவோம்.

முதலில் நம் முன்னோரின் அடுக்களையை நினைவுகூர்வோம். அங்கே பொருள்களுக்கு மூன்று தளங்கள் இருந்தன. அம்மி, ஆட்டுக்கல், குதிர், தண்ணீர்க் குடம் ஆகிய கனமான பொருள்கள் தரையில் இருந்தன. உப்பும் புளியும் மண்பானைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டன. பாலும் தயிரும் வெண்ணெயும் உத்தரத்திலிருந்து தொங்கிய உறியில் வைக்கப்பட்டன. அடுப்பிற்கு மேலே இருந்த பரண், விறகையும் விதையையும் புகையில் உலர்த்திக் காத்தது. கண்ணன் உறி வெண்ணெயைத் திருடிய கதையை ஆழ்வார்கள் பாடினார்கள். திருவிழாக்களில் உறியடி இன்றும் நடைபெறுகிறது. பூனைக்கும் எறும்புக்கும் குழந்தைக்கும் எட்டாத உயரத்தில் எதை வைப்பது என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர். இலேசானதும் கெட்டுப்போகக் கூடியதும் மேலே, கனமானது கீழே என்பதே அவர்கள் கடைப்பிடித்த விதி.

இனி, நிக்கோபார்த் தீவுகளைப் பார்ப்போம். அங்குள்ள பழங்குடி மக்கள் இக்கேள்விக்கு இன்னும் துணிவான விடையைக் கண்டனர். அவர்கள் அலமாரியை மட்டும் உயர்த்தவில்லை. வீட்டையே உயர்த்தி விட்டனர். கார் நிக்கோபாரின் மரபு வீடு, தேன்கூடு போல் வட்டமாகக் கூரை வேய்ந்து, தடித்த மரக்கால்களின்மேல் ஆள் உயரத்திற்கு நிற்பது. ஏணி வழியே ஏறியே உள்ளே செல்ல வேண்டும். அடியிலுள்ள நிழலில் மக்கள் அமர்ந்து பேசுவர். பன்றியும் கோழியும் அங்கே திரியும். சோறாக்கும் குடிசை தனியே இருக்கும். சமைப்பதற்குரிய மண்பானைகள் சௌரா என்னும் சிறு தீவிலிருந்து வந்தன. பானை வனையும் உரிமை அத்தீவினருக்கே உரியது என்பது பழைய வழக்கம். தண்ணீரைக் குடைந்த தேங்காய்ச் சிரட்டைகளில் நிறைத்து வைத்தனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பொழியும் மண்ணில், தரையை நம்பக்கூடாது என்பதை அவர்கள் தெளிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் 1858-இல் தண்டனைக் குடியேற்றம் அமைத்த பின்னர் வேறொரு வகை வீடு தோன்றிற்று. 1883-இல் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை நிறுவப்பட்டது. அங்கே அறுத்த பலகைகளால் அலுவலர் குடியிருப்புகள் எழுந்தன. படாக் மரத்தின் வைரப் பகுதி கறையானுக்கு எளிதில் இரையாகாது. ஆகவே அலமாரிக்கும் அது ஏற்ற மரமாயிற்று. 1941 ஜூன் 26-ஆம் நாள் கடும் நிலநடுக்கம் ஒன்று தீவுகளை உலுக்கியது. செல்லுலார் சிறைக் கட்டடமும் சேதமுற்றது. கல்லும் செங்கல்லும் இங்கே அசையாப் பொருள்கள் அல்ல என்பதை மக்கள் அன்று கண்டனர்.

இன்று நாம் காணும் சுவர் அலமாரி எங்கிருந்து வந்தது? 1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சிறு சமையலறையை வரைந்தார். ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது அமைக்கப்பட்டது. மேலே கண்ணாடிக் கதவுள்ள பாத்திர அலமாரி, கீழே இழுப்பறைகள். மாவுக்குப் புழு அணுகாத ஓக் மர இழுப்பறை. நடப்பதும் குனிவதும் குறைந்து பெண்ணின் உழைப்பு எளிதாக வேண்டும் என்பதே அவரது நோக்கம். உலகம் முழுவதும் பரவிய 'மாடுலர்' சமையலறைகளுக்கு அதுவே ஒரு முன்மாதிரி. ஆயினும் அது வறண்ட சுவருக்கும் அசையாத நிலத்திற்கும் வரையப்பட்ட திட்டம் என்பதை நாம் மறக்கலாகாது.

நம்மவர் இத்தீவுகளுக்குப் பல வழிகளில் வந்தனர். அவர்களுள் ஒரு பிரிவினர், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின்னர் இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். மலையகத் தோட்டத்தில் ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி 'லயன்' அறை ஒன்றே வீடாக இருந்த மக்கள் அவர்கள். உறங்குவதும் சமைப்பதும் ஓர் அறைக்குள் நிகழும்போது, தரை ஆளுக்குப் போதாது. பொருளுக்கு உயரமே இடமாகும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தனர்.

2002 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தீவுகளின் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காடு காக்கப்பட்டது நன்மையே. ஆனால் வைரம் பாய்ந்த பலகை அரிதாகவே, பலர் மரத்தூளை ஒட்டிச் செய்த பலகைக்கு மாறினர். ஈரம் பட்டால் அது ஊதிப் பெருக்கும். திருகாணி பிடிமானம் இழக்கும். சுமையேற்றிய சுவர் அலமாரிக்கு அதுவே பகை.

பின்னர் 2004 டிசம்பர் 26 வந்தது. முதலில் நிலம் நடுங்கியது. அதன்பின் கடல் எழுந்தது. நிக்கோபாரில் கார் நிக்கோபாரும் கச்சாலும் பெருந்துயர் அடைந்தன. சௌரா மக்கள் தெரசா தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கடற்கரையில் நின்ற உயர்கால் வீடுகளையும் அலை விட்டு வைக்கவில்லை. தகரத் தங்குமிடங்களில் ஆண்டுகள் சில கழிந்தபின், அரசு ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட நிலையான வீடுகளைக் கட்டித் தந்தது.

ஆகவே, உயரமும் ஒரு காப்பு மட்டுமே. முழுக் காப்பு அன்று. நிலநடுக்க அபாயத்தை வகுத்த இந்தியத் தர விதியின் 2002 பதிப்பு, இத்தீவுகள் முழுவதையும் அன்றைய மிக உயர்ந்த ஐந்தாம் மண்டலத்தில் வைத்தது. நிலம் ஆடும்போது உறி ஊசலாடும். கயிறு வளைந்து கொடுக்கும். சுவரில் அறைந்த பெட்டியோ வளைந்து கொடுக்காது. கதவு திறந்து கனமான பாத்திரம் சமைப்பவர் தலைமீது விழும்; திருகாணி பிடுங்கினால் பெட்டியே விழும்.

அப்படியானால் தச்சருக்கு நாம் சொல்ல வேண்டிய விடை என்ன? பாட்டியின் விதியையே சொல்லலாம். அரிசிப் பானையும் இரும்புச் சட்டியும் எண்ணெய் டப்பாவும் தரை அலமாரிக்கு உரியவை. அந்த அலமாரிக்குக் கால்கள் இருக்கட்டும். அடியில் காற்று ஓட வேண்டும், ஈரமும் கறையானும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலே தொங்குவது சிறிதாகவும் இலேசாகவும் இருக்கட்டும். அது அடுப்பிற்கு நேர் மேலேயோ, குழந்தை உறங்கும் மூலையிலோ வேண்டா. மெல்லிய தடுப்புச் சுவரில் அன்றி, கட்டடத்தின் சுமை தாங்கும் பகுதியில் அதனைப் பிணைக்க வேண்டும். ஒவ்வொரு கதவிற்கும் இறுகப் பிடிக்கும் கொண்டி வேண்டும்.

தாயகத்தை விட்டு வருபவன் தன் பானையைக் கொண்டு வர முடியாமற் போகலாம். எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்னும் அறிவை அவன் கொண்டு வர முடியும். புதிய சமையலறையில் உறி இல்லாமல் இருக்கலாம். உறியைக் கட்டிய அறிவு அங்கே இருந்தால் போதும்.